நாலால் பெருக்கிய ஆகாயம்

செல்போன் காட்டும் நேர்கோட்டுத் தூரத்தை நாலால் பெருக்கினால்தான் உண்மையான தூரம் வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஜீப்புக்கு மட்டுமல்ல, விமானத்துக்கும். நான் படித்தவன்தான். பட்டச் சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, எலிகூடக் கடிக்கவில்லை. ஆனாலும் நம்பினேன்.

சிரிக்கிறவர்கள் ஒருமுறை எங்கள் போடிக்குப் பக்கத்துக் குரங்கணிக்கு வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். தலைக்கு மேலே மலையுச்சி ஊரான டாப் ஸ்டேஷன் தெரியும். ஒரு சத்தம் கொடுத்தால் கேட்டுவிடும் போலிருக்கும். நடந்து ஏறாமல் வண்டியில் போகலாம் என்று நினைத்தீர்களானால், முதலில் போடிக்குத் திரும்பி வர வேண்டும். பிறகு போடிமெட்டு ஏறி, பூப்பாறை கடந்து, மூணாறு போய், அங்கிருந்து இன்னொரு மலையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றால், காலையில் டீ குடித்த குரங்கணிக் கடையின் கூரை கீழே தெரியும். அந்த டீ செரித்து, மதியச் சோறும் செரித்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குக் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வேறு, போய்ச் சேர்கிற தூரம் வேறு. இரண்டுக்கும் நடுவே எங்கள் ஆட்கள் குத்துமதிப்பாக வைத்திருக்கும் எண்தான் நாலு. "நேரா பாத்தா ரெண்டு மைலுதான்" என்று ஒருவர் சொன்னால், எட்டு மைலுக்கு டீசல் போடுவோம். பூப்பாறைப் பக்கம் எனக்கிருக்கும் சின்ன ஏலத்தோட்டத்துக்கு வருடக்கணக்கில் ஏறி இறங்குகிறேன். அந்தக் கணக்கு என்னை ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. கடைசியில் நடு ஆகாயத்தில் விட்டது.

எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி அமெரிக்காவில், சியாட்டிலில் இருக்கிறாள். தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். அவள் வேலை, டாக்டர், அது இது என்று சொல்லி அங்கேயே பெற்றுக்கொள்வதாக முடிவு செய்துவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். அடுப்படிக்கே ஊன்றுகோலோடுதான் போகிறார். நான் போகலாம் என்றால் காய் எடுக்கும் பருவம். ஒரு சுற்றுப் பறிப்பு தவறினால் ஏலக்காய் செடியிலேயே பழுத்து வீணாகும். தவிரவும், பிரசவ வீட்டில் நான் போய் என்ன செய்ய? ஜோக் சொல்லலாம். அதை வீடியோவிலேயே சொல்லிவிடலாம் என்றாள் மகள்.

ஆக, என் மனைவி போக வேண்டும். தனியாக. டாக்டர் குறித்த தேதிக்கு முன்னால். மகள் டிக்கெட் எடுத்து அனுப்பினாள்: கொச்சியில் ஏறி, துபாயில் மாறி, சியாட்டிலில் இறங்க வேண்டியது. மதுரையிலிருந்து என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டியிருந்ததாம்.

தனியாகப் போவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பாதி போடிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள் அவள். அளவு சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை, "நீங்கதான் போன மாசத்த விட ஊதிட்டீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் தைரியசாலி. என் பயம் வேறு. அவளுக்கு வளைவு ஆகாது.

போடிமெட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. ஐந்தாவது வளைவில் அவள் வண்டியை நிறுத்தச் சொல்வாள். எலுமிச்சம்பழம் முகர்ந்தாலும் ஐந்து, மாத்திரை போட்டாலும் ஐந்து, பட்டினி கிடந்தாலும் ஐந்து. கல்யாணமான புதிதில் தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி அழைத்துப் போனேன். எனக்கு அப்போது அந்தக் கணக்கு தெரியாது. என் புது வேட்டிக்குத்தான் முதலில் தெரிந்தது. அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் அவள் எங்கள் தோட்டத்தைப் பார்த்தது நாலைந்து முறை இருக்கலாம்.

ஒரு மத்தியானம் செல்போனை எடுத்துத் தூரம் பார்த்தேன். அங்கே ஆரம்பித்தது வினை. கொச்சியிலிருந்து துபாய் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. துபாயிலிருந்து சியாட்டில் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி. பக்கத்திலேயே 'நேர்கோட்டுத் தூரம்' என்று போட்டிருந்தது. நேர்கோடு என்ற சொல்லைப் பார்த்ததும் மனசு தானாக நாலால் பெருக்கியது. அறுபதாயிரம்! பூமியின் சுற்றளவே நாற்பதாயிரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அதன்படி என் மனைவி பூமியை ஒன்றரைச் சுற்று சுற்றிவிட்டுத்தான் மகள் வீட்டுக் கதவைத் தட்டுவாள். பதினெட்டு மணி நேரச் சொச்சப் பயணத்தையும் பெருக்கினேன். மூன்று நாள். மூன்று நாளும் ஆகாயத்தில் வளைவு. ஐந்தாவது வளைவு எந்த நாட்டுக்கு மேலே வரும் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

நேரே ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். என் மனைவியின் தம்பி அங்கேதான் இருப்பான். காய் எடுக்கும் பெண்களைத் தினமும் மலைக்கு ஏற்றி இறக்குகிறவன்.

"மாப்ளே, இந்த டிக்கெட்டப் பாத்து எவ்வளவு நேரப் பயணம்னு சொல்லு."

வாங்கிப் பார்த்தான். துபாயில் காலையில் கிளம்புவதாகவும், சியாட்டிலில் அதே நாள் மத்தியானம் இறங்குவதாகவும் போட்டிருந்தது.

"மூணரை மணி நேரம் மாமா. மதுரைக்குப் போற பஸ்ஸ டீக்கு நிறுத்துனா இதே நேரந்தான். அக்காவுக்குச் சோறு கட்டிக் குடுக்கக்கூட வேணாம்."

"கூறுகெட்டவனே. அங்க மணி வேற, இங்க மணி வேற. அங்க நமக்கு அரை நாளு பிந்தித்தான் பொழுது விடியும். பறக்குறது மட்டும் பதினாலு மணி நேரத்துக்கு மேல. அதுவும் நேர்கோட்டுல போட்ட கணக்கு."

"நேர்கோட்டுலயா?"

"ஆமா."

அவன் விரல்விட்டுப் பெருக்கினான். முகம் மாறியது. 'லூசு மாமா, அது விமானம்' என்று சொல்லிவிடுவான், நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் அவனிடம் போனேன். ஆனால் அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.

"டீசல் பத்தாதே மாமா" என்றான்.

நடுத்தர வயதுக்காரர்கள் இரண்டு பேர், ஜீப் பானெட்டில் சாய்ந்துகொண்டு, ஆகாயத்துக்கு டீசல் கணக்குப் பார்த்தோம். பிறகு அவன் தன் செல்போனில் எதையோ தட்டி, அன்றைக்குப் போய்க்கொண்டிருந்த அதே விமானத்தின் பாதையை எடுத்தான். அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். அந்தக் கோடு மேற்கே போகவில்லை. துபாயிலிருந்து வடக்கே ஏறி, ஏறி, படத்தின் மேல்விளிம்பு வரைக்கும் போய், அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் கீழே இறங்கியது.

"பாத்தீங்களா, கொண்டை ஊசி" என்றான் மாப்ளே.

"ஒண்ணுதானேடா இருக்கு."

"ஒண்ணுதான். ஆனா எம்புட்டுப் பெருசு பாருங்க. நம்ம பதினேழையும் உருக்கி ஒண்ணா வளைச்ச மாதிரி இருக்கு. அக்கா தாங்குமா?"

வீட்டுக்கு வந்தபோது மனைவி என் பழைய வேட்டிகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பச்சைக்குழந்தைக்குச் சுற்ற, துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் வேண்டும். புதுத்துணி உறுத்துமாம். என் வேட்டிகளுக்கு அந்தத் தகுதி எப்போதோ வந்துவிட்டது. நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"அந்த வாரம் நாள் அவ்வளவு நல்லா இல்லையாமே."

"யாருக்கு?"

"பொதுவா."

"பொதுவா யாரும் டிக்கெட் எடுக்கல. நாந்தான் எடுத்திருக்கேன்."

"இல்ல, சம்பந்தியம்மாவ வீல்சேருல வச்சு அனுப்பிட்டா..."

அவள் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். அளவு ஜாக்கெட்டில் பொய் சொல்கிறவர்களைப் பார்க்கும் பார்வை. அறுபதாயிரம், மூன்று நாள், டீசல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இங்க வந்து கீழ உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்தாள். எனக்குத் தலையைச் சுற்றிக் கரைபோல முடி இருக்கும், நடுவே வெட்டவெளி. இடது பக்கக் கரையில் ஒரு விரலை வைத்தாள்.

"இது துபாய்." வலது பக்கக் கரையில் இன்னொரு விரல். "இது உங்க மக வீடு. முடியோரமாவே பின்பக்கமா சுத்திக்கிட்டுப் போனா ஒம்பதரை இஞ்சு." டேப்பை எடுத்து உச்சிமேலே குறுக்காகப் போட்டாள். "இப்படிப் போனா ஆறரை. எது குறுக்கு வழி?"

"உச்சி வழி."

"பூமி உங்க தலை மாதிரி உருண்டை. அத உரிச்சு நீட்டி செல்லுல ஒட்டினா, நேர்கோடு வளைஞ்சுதான் தெரியும். அவன் போறது நேரான பாதை. அதுவே குறுக்குப் பாதை. இதுக்கு மேல குறுக்கு இல்ல. எதையும் பெருக்க வேணாம்."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"உங்க மகதான். 'அப்பா எப்படியும் மேப்பப் பாத்துப் பயப்படும். அது தலையிலேயே வச்சுக் காட்டும்மா, வேற எதுல காட்டுனாலும் நம்பாது'ன்னு போன வாரமே சொல்லிட்டா."

என் பயம் எனக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே சியாட்டிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைவிட வேகமான விமானம் கிடையாது. ஆனாலும் விட மனமில்லை.

"உச்சியில வடதுருவம். அங்க ஒண்ணுமே இருக்காதாமே. வெறும் பொட்டல்."

"இங்கயும்தான் ஒண்ணும் இல்ல" என்று டேப்பால் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பவும் வேட்டியைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

புத்திக்குப் புரிந்துவிட்டது. வயிற்றுக்குப் புரியவில்லை. ஏனென்றால் இன்னொரு உண்மை பாக்கியிருந்தது. கொச்சிக்குப் போகவே போடிமெட்டு ஏற வேண்டும். பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஆகாயம் அவளை என்ன செய்யும் என்பது இருக்கட்டும். முதல் இருபது சொச்சம் கிலோமீட்டர் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், மாப்ளேக்கும் தெரியும்.

புறப்பட்ட அன்று காலை மாப்ளே ஒரு கார் எடுத்து வந்தான். அவள் முன்சீட்டில். மடியில் பை, பைக்குள் எலுமிச்சம்பழம், ஏலக்காய், பாலித்தீன் கவர். நான் பின்னால், சூட்கேசும் பிரசவ லேகியமும் கருவாடு இல்லாத ஒரு பெட்டியும் சூழ உட்கார்ந்திருந்தேன். கருவாட்டை மகளே தடுத்துவிட்டாள். மூன்றாவது வளைவில் பேச்சு நின்றது. நாலாவதில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவதில் கையைத் தூக்கினாள்.

மாப்ளே ஓரங்கட்டினான். அவள் இறங்கிப் போனாள். தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் போய் நின்றேன். கீழே போடி வெயிலில் கிடந்தது. அங்கிருந்து பார்க்கையில் எங்கள் வீடு எட்டிக் குதித்தால் கால் படும் தூரத்தில் இருப்பது போலிருந்தது. முகம் வெளுத்து, கண்ணில் நீர் வழிய அவள் நிமிர்ந்தபோது எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"திரும்பிருவோமா" என்றேன். நிஜமாகத்தான் கேட்டேன். "இன்னும் பன்னெண்டு இருக்கு. அப்புறம் அந்தப் பக்க இறக்கம். அதுக்கப்புறம் ஆகாயம். மக புரிஞ்சுக்குவா."

வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

"அவ மூணு மாசம் வாந்தி எடுத்தா. தண்ணி குடிச்சாக்கூட எடுத்தா. விடியக்காலம் போனப் போட்டு அழுவா. நான் இங்க உக்காந்துக்கிட்டு இஞ்சியக் கடி, இஞ்சியக் கடின்னேன். வேற என்ன செய்ய முடிஞ்சுச்சு என்னால?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு இன்னைக்கு ஒரு பொழுதுதான். எடுத்துட்டுப் போறேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க. வெரசா."

வாந்திக்காக வண்டியை நிறுத்துகிறவளாகத்தான் அவளை நான் இத்தனை வருடம் அறிந்திருந்தேன். வாந்தி எடுத்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்கிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்பதாவது வளைவில் இன்னொரு முறை. பதிமூன்றாவதில் வண்டி மறுபடியும் நின்றது. இம்முறை கையைத் தூக்கியது நான். மலையில் பிறந்து, ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு சாக்கு மூட்டைகளோடு வந்த காலத்திலும் ஒருநாள்கூட வாந்தி எடுக்காதவன் நான். அவள் இறங்கி வந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாந்து பாக்காதீங்க. மூச்ச இழுத்து விடுங்க. இந்தாங்க, ஏலக்காய்."

"உங்க ரெண்டு பேர்ல யாரு மாமா அமெரிக்கா போறது?" என்றான் மாப்ளே ஸ்டியரிங்கில் இருந்தபடியே.

கொச்சி விமான நிலையத்துக்குள் எங்களை விடமாட்டார்கள். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்கால வெளிச்சத்தில் அவள் தள்ளுவண்டியை ஒரு வளைவும் இல்லாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, தலையைத் தொட்டு, இடக்காதுப் பக்கமிருந்து வலக்காதுப் பக்கம் வரைக்கும் விரலை இழுத்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற காவலர், அந்தம்மாவுக்குத் தலைவலி போல என்று நினைத்திருப்பார்.

துபாயில் இறங்கி விமானம் மாறிவிட்டாள் என்று மறுநாள் காலை செய்தி வந்தது. நாங்கள் மலையேறித் திரும்பிக்கொண்டிருந்தோம். பூப்பாறையில் மாப்ளே என்னைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் வாசலில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து செல்போனில் மாப்ளே போட்டுக் கொடுத்திருந்த பாதைப் படத்தில் சின்ன மஞ்சள் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்ந்தது. நகர்ந்ததா என்று உற்றுப் பார்த்தால் நகரவில்லை. செல்போன் சூடாகிச் சார்ஜ் குறைந்தது. ஆகவே அதை ஸ்டோருக்குள் சார்ஜில் போட்டுவிட்டு வந்து, விரலைத் தலையில் வைத்தேன். இடது கரையிலிருந்து கிளம்பி மெல்ல மெல்ல ஏறினேன். இந்நேரம் இங்கே இருப்பாள். இந்நேரம் இன்னும் கொஞ்சம் மேலே.

சாயங்காலம் பறித்த காயை எடை போட வந்த பெண்களில் தேவாரம் ஊர்க்கார அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது.

"என்னண்ணே, மண்டையவே தடவிக்கிட்டிருக்கீங்க. முளைக்கப் போகுதா?"

"இல்லத்தா. என் பொஞ்சாதி போய்க்கிட்டிருக்கா."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மண்டை மேலயா?"

"ஆமா. இப்ப உச்சிக்கிட்ட இருப்பா."

"அது கல்யாணமான நாளா அங்கதானண்ணே இருக்கு" என்றது அக்கா. எடைத்தராசு ஆடும்படி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் செல்போனைப் பார்த்தேன். விமானம் இல்லை.

படத்தின் மேல்விளிம்பு வரைக்கும் கோடு இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பூமி முடிந்து, அவள் அந்தப் பக்கம் விழுந்துவிட்டதைப் போல. டேப், ஆறரை, ஒன்பதரை எல்லாம் மறந்துபோனது. டீசல்தான் ஞாபகம் வந்தது. மகளுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"பாப்பா, அம்மாவக் காணோம்."

"எங்கப்பா காணோம்?"

"மேல. படம் முடிஞ்சிருச்சு. அதுக்கு மேல இல்ல."

போனில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"அப்பா, சிரிக்க வைக்காதீங்க, இப்பவே பிரசவம் ஆயிரும். முடிஞ்சது மேப்புதான். பூமி முடியல. அங்க சிக்னல் சரியா கிடைக்காது, அதான் காட்டல. தலையத் தொட்டுப் பாருங்க. உச்சியோட முடிஞ்சு போச்சா?"

தொட்டுப் பார்த்தேன். முடியவில்லை. அந்தப் பக்கமும் வழுக்கை இருந்தது. அதற்கப்பால் கரையும் இருந்தது.

"இருக்கு" என்றேன்.

"அங்கதான் நான் இருக்கேன். அம்மா வந்துக்கிட்டிருக்கு. நீங்க சாப்பிட்டுப் படுங்க."

விழித்திருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவள் இறங்குகிற நொடியில் முதல் ஆளாகப் பேச வேண்டும் என்று என்ன பேசுவது என்பதையும் தயார் செய்து வைத்திருந்தேன். உலர்த்தும் அறையிலிருந்து கதகதப்பு வந்தது. ஏலக்காய் மணம் வந்தது. தலையில் வைத்த விரல் அப்படியே இருந்தது.

விமானம் சியாட்டிலில் இறங்கியபோது நான் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் செல்போனை எடுத்தால் அவளிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே இறங்கியிருந்தது. ஆகாயத்தில் அவள் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை. அடுத்த வாரம் பேத்தி பிறந்தாள். பிறக்கும்போது என் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.